பூ ஏன் வாடுகிறது? மூப்பை நடத்தும் மரபணுக்களும் நொதிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீரில் நிற்கும் பூவும் வாடிவிடுகிறதே. நீர் போதாமலா, வயதாகியா?

காம்பின் அடியை 2 செ.மீ. வெட்டிவிட்டு, சுத்தமான வெதுவெதுப்பான நீரில் வைத்துப் பாருங்கள். சில மணி நேரத்தில் இதழ் நிமிர்ந்துவிட்டால் அது வெறும் நீர்க்குறை. காம்பின் நீர்க்குழாய்களைக் காற்றுக் குமிழியோ பாக்டீரியாவோ அடைத்திருந்திருக்கும். நிமிராமல் போனால் செல்சவ்வு ஒழுகத் தொடங்கிவிட்டது. அதன்பிறகு எவ்வளவு நீர் கொடுத்தாலும் செல்லுக்குள் தங்காது.

ஐயம் இருந்தால் அளந்துவிடலாம். ஒரே அளவில் 10 இதழ் வட்டுகளை வெட்டி, வெட்டுவாயிலிருந்து கசிந்ததை ஒருமுறை கழுவி, 20 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 2 மணி நேரம் மெல்லக் குலுக்கி, நீரின் மின்கடத்துதிறனைப் படியுங்கள். பிறகு அதே குழாயைக் கொதிநீரில் 20 நிமிடம் வைத்து, ஆறவிட்டு, மீண்டும் படியுங்கள். முதல் அளவு இரண்டாவதில் எத்தனை சதவீதம் என்பதே அயனிக் கசிவு. இளம் இதழில் இது குறைவாக இருக்கும். மூப்பின் கடைசிக் கட்டத்தில் செங்குத்தாக ஏறும். கழுவாமல் விடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. வட்டின் ஓரக் கசிவையே மூப்பு என்று எண்ணிவிடுவோம்.

அது தேய்மானம்தானே? இதற்கு மரபணு எதற்கு?

தேய்மானம் என்றால் செல்லின் வேலைகளை நிறுத்தும்போது அழிவு விரைவாக வரவேண்டும். நடப்பது நேர்மாறு. புதிய புரதம் உருவாவதைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடை டேலிலி, ஐரிஸ் இதழ்களுக்குக் கொடுத்தால் வாடுவது தள்ளிப்போகிறது. அதாவது, வாடுவதற்கென்று இதழ் புதிதாகப் புரதங்களைத் தயாரிக்கிறது. தயாரிக்க விடாவிட்டால் வாட முடிவதில்லை. செடியே ஆணையிட்டு நடத்தும் செயல் இது. இதழிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ், சர்க்கரை ஆகியவற்றைப் பிரித்தெடுத்து, சூலகத்துக்கும் அடுத்த மொட்டுகளுக்கும் அனுப்புவது அதில் ஒரு பெரிய வேலை. கீழே வரும் எல்லாப் பதில்களும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

வாடுவதும் உதிர்வதும் ஒன்றா?

இல்லை. வாடிய பூவைச் செம்மல் என்றும் விழுந்த பூவை வீ என்றும் தமிழ் பிரித்துச் சொல்கிறது. உயிர்வேதியியலும் அதே இடத்தில்தான் கோடு போடுகிறது.

செம்மலாகும் பூவில் (கார்னேஷன், பெட்டூனியா, டேலிலி) இதழ் முழுவதுமுள்ள செல்கள் இறக்கின்றன. வீயாகும் பூவில் (பெலார்கோனியம், டெல்ஃபினியம்) இதழடியில் சில அடுக்குச் செல்களின் சுவர் மட்டும் கரைகிறது. விழும் இதழ் இன்னும் விறைப்பாகவே இருக்கக்கூடும். கரைப்பவை செல்லுலேஸ் வகை நொதிகளும் பாலிகேலக்டுரோனேஸும். ஆய்வகங்களின் மாதிரிச் செடியான அராபிடாப்சிஸில் இந்த உதிர்வைத் தூண்டுவது ஐடிஏ என்ற சிறு பெப்டைடு (குட்டிப் புரதம்). அதை உணர்பவை ஹேசா, எச்எஸ்எல்2 என்ற ஏற்பிகள். பல பூக்களின் மூப்பைத் தூண்டும் வளி ஹார்மோனான எத்திலீனை உணராத திடீர்மாற்றச் செடியிலும் இதழ் தாமதமாகவேனும் உதிர்ந்துவிடுகிறது. ஆகவே உதிரும் பூவில் புரதச் சிதைப்பு நொதிகளைத் தேடுவதும், வாடும் பூவில் பெக்டின் நொதிகளை மட்டும் நம்புவதும் வீண் உழைப்பு.

எத்திலீனை உண்டாக்கும் நொதிகள் எவை?

மெத்தியோனின் அமினோ அமிலத்தில் தொடங்கி மூன்று படிகள்.

முதல் படியில் மெத்தியோனின், எஸ்-அடினோசில் மெத்தியோனினாக மாறுகிறது. இது செல்லில் பல வேலைகளுக்குப் பயன்படும் பொதுச் சரக்கு, ஆகவே இங்கே கட்டுப்பாடு அதிகமில்லை. அடுத்து ஏசிசி சிந்தேஸ் என்ற நொதி அதை ஏசிசியாக (1-அமினோசைக்ளோபுரோப்பேன்-1-கார்பாக்சிலிக் அமிலம்) மாற்றுகிறது. பெரும்பாலான நிலைகளில் வேகத்தைத் தீர்மானிக்கும் படி இதுவே. இந்த நொதிக்குப் பிரிடாக்சல் பாஸ்பேட் துணை தேவை. அதைக் குறிவைத்துத்தான் அமினோஆக்சி அசிட்டிக் அமிலம், ஏவிஜி என்ற தடுப்பான்கள் இந்த நொதியை நிறுத்துகின்றன. மூன்றாவதாக ஏசிசி ஆக்சிடேஸ், ஆக்சிஜனின் உதவியோடு ஏசிசியை எத்திலீனாக்குகிறது. இதற்கு இரும்பு அயனியும் அஸ்கார்பேட்டும் (வைட்டமின் சி) வேண்டும். கார்பன் டை ஆக்சைடு இதை ஊக்குவிக்கும்.

இடைப்பொருள் ஏசிசி என்று ஆடம்ஸும் யாங்கும் 1979-இல் காட்டினார்கள். கடைசிப் படியில் எத்திலீனோடு சயனைடும் பிறக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதை உடனுக்குடன் பீட்டா-சயனோஅலனைன் சிந்தேஸ் நொதி நஞ்சு நீக்கிவிடுகிறது.

ஏசிசி ஆக்சிடேஸை இதழிலிருந்து பிரித்தால் செயல்பாடே தெரிவதில்லை. ஏன்?

அரைக்கும் கரைசலில் அஸ்கார்பேட் இருந்ததா என்று முதலில் பாருங்கள். இந்த நொதியைச் செல்லுக்கு வெளியே செயல்பட வைக்க முடியாமல் ஆய்வாளர்கள் நீண்டகாலம் தவித்தார்கள். செல் உடைந்தால் நொதியும் செத்துவிடும் என்றே நம்பப்பட்டது. 1991-இல் முலாம்பழத்திலிருந்து அஸ்கார்பேட்டும் இரும்பும் சேர்த்துப் பிரித்தபோதுதான் முழுச் செயல்பாடு கிடைத்தது.

நடைமுறையில் பிஎச் 7.2 அளவில் தாங்கல் கரைசல், 10% கிளிசரால், 30 மில்லிமோலார் சோடியம் அஸ்கார்பேட், பினால்களைப் பிடிக்கக் கரையாத பிவிபிபி ஆகியவற்றோடு பனிக்கட்டி மேல் அரையுங்கள். வினைக் குப்பியில் 1 மில்லிமோலார் ஏசிசி, 50 மைக்ரோமோலார் ஃபெரஸ் சல்பேட், 20 மில்லிமோலார் சோடியம் பைகார்பனேட், மீண்டும் அஸ்கார்பேட். ஃபெரஸ் சல்பேட் கரைசலை அன்றன்றே கலக்க வேண்டும். நேற்றைய கரைசல் மஞ்சளாகியிருந்தால் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது. அது நொதிக்கு உதவாது.

கார்னேஷனில் முதல் எத்திலீன் எங்கிருந்து கிளம்புகிறது?

சூலகத்திலிருந்து. இதழிலிருந்து என்று நினைப்பது இயல்பு, ஏனென்றால் அளவில் மிகுதியாக எத்திலீன் விடுவது இதழே. ஆனால் முதலில் சூலகத்தில் சுரந்த எத்திலீன் இதழைத் தொட, இதழில் டிசி-ஏசிஎஸ்1 (ஏசிசி சிந்தேஸுக்குரியது), டிசி-ஏசிஓ1 (ஏசிசி ஆக்சிடேஸுக்குரியது) மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அவை உண்டாக்கும் எத்திலீன் அதே மரபணுக்களை மேலும் தூண்டுகிறது. தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் இந்தச் சுழல் தொடங்கிவிட்டால் இதழ் ஓரம் உட்புறமாகச் சுருள்கிறது. திரும்பும் வழி இல்லை. பூ விரிந்ததும் சூலகத்தைக் கவனமாக நீக்கிவிட்டால் இதழ்களின் வாழ்நாள் நீள்வது இதற்கு நேரடிச் சான்று.

மகரந்தம் பட்டதும் பூ விரைவில் வாடுவது எதனால்?

பூவின் வேலை முடிந்துவிட்டது என்ற செய்தி அது. மகரந்தம் சூல்முடியில் விழுந்து குழாய் வளரத் தொடங்கும்போதே சூல்முடியிலும் சூல்தண்டிலும் ஏசிசி சிந்தேஸ் மரபணு இயங்குகிறது. அந்தச் செய்தி கீழிறங்கி இதழை எட்டுகிறது. பெட்டூனியாவில் 2–3 நாளில் இதழ் தொய்ந்துவிடும். ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் பூ மகரந்தம் படாமல் இருந்தால் 2–3 மாதம் நிற்கும். பட்டால் சில நாளில் சரிந்துவிடும். சோதனைக்குப் பூக்களை ஒரே வயதில் எடுக்க விரும்பினால், விரிவதற்கு முந்தைய நாளே மகரந்தப்பைகளை நீக்கிவிடுங்கள். தற்செயலான மகரந்தச் சேர்க்கை ஒன்றிரண்டு பூவில் நடந்தாலே சராசரி குலைந்துவிடும்.

எத்திலீன் ஏற்பி எப்படி வேலை செய்கிறது? படிக்கும்போது தலைகீழாகத் தெரிகிறதே.

தலைகீழானதுதான். எத்திலீன் இல்லாதபோதுதான் ஏற்பிகள் (அராபிடாப்சிஸில் இடிஆர்1, இடிஆர்2, இஆர்எஸ்1, இஆர்எஸ்2, இஐஎன்4 என ஐந்து) சுறுசுறுப்பாக இருந்து, சிடிஆர்1 என்ற கைனேஸ் (பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி) வழியாக இஐஎன்2 புரதத்தை அடக்கி வைக்கின்றன. எத்திலீன் வந்து ஏற்பியிலுள்ள செம்பு அயனியைப் பிடித்ததும் ஏற்பி ஓய்ந்துவிடுகிறது. அடக்குமுறை விலக, இஐஎன்2-இன் ஒரு துண்டு உட்கருவுக்குப் போக, இஐஎன்3 என்ற படியெடுத்தல் காரணி நிலைபெற்று, மூப்பு மரபணுக்கள் இயங்குகின்றன.

இதனால் ஒரு விளைவு. ஒரு ஏற்பி மரபணுவை அழித்தால் செடி எத்திலீனுக்கு மரத்துப்போகாது. எத்திலீனைப் பிடிக்கவே இயலாதபடி மாறிய ஏற்பி, எடுத்துக்காட்டாக இடிஆர்1-1, இருந்தால்தான் அடக்குமுறை ஓயாமல் தொடரும். அராபிடாப்சிஸின் இந்த மரபணுவைப் பெட்டூனியாவில் சேர்த்துப் பூ வாடுவதைத் தள்ளிப்போட்டது 1997-இல் வெளிவந்தது. ஆனால் அந்தச் செடிகளின் வெட்டுத் தண்டுகள் சரியாக வேர்விடவில்லை, ஏனென்றால் வேர்விடவும் எத்திலீன் உணர்வு வேண்டும். ஆகவே மரபணுவைச் செடி முழுவதும் இயக்கும் தூண்டுபகுதியை (மரபணு எங்கே, எப்போது இயங்கும் என்று தீர்மானிக்கும் டிஎன்ஏ துண்டு) தவிர்த்து, எஃப்பிபி1 போலப் பூவில் மட்டும் இயங்கும் தூண்டுபகுதியைச் சேர்ப்பதே விவேகம்.

எத்திலீனைப் பொருட்படுத்தாத பூக்களில் ஆணையிடுவது யார்?

டேலிலி, ஐரிஸ், கிளாடியோலஸ் போன்றவற்றைச் சுற்றி எத்திலீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை தங்கள் நேரத்தில் வாடும். டேலிலியில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடுவது தெரியும். பூவின் வயதைக் கணக்கு வைக்கும் காரணி ஒன்று மிகத் தெளிவாக அகப்பட்டது ஜப்பானிய மார்னிங் குளோரியில். காலையில் மலர்ந்து அன்றே சுருளும் அந்தப் பூவில் எஃபெமரல்1 என்ற நாக் குடும்பப் படியெடுத்தல் காரணியை ஷிபுயா குழுவினர் 2014-இல் அறிவித்தார்கள். அந்த மரபணுவை அடக்கியபோது சுமார் 13 மணி நேரத்தில் வாடவேண்டிய பூ ஏறத்தாழ 24 மணி நேரம் நின்றது. மறுநாள் காலையில் நேற்றைய பூவும் இன்றைய பூவும் ஒரே கொடியில் அருகருகே விரிந்திருந்தன. ஒரே மரபணு, ஒரு முழுப் பகல் கூடுதல். 2018-இல் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவி கொண்டு அதைச் சிதைத்தபோதும் பூ நீடித்தது.

உங்கள் பூ எந்த வகை என்று தெரியாவிட்டால் முதலில் அதைச் சோதித்துவிடுங்கள். காற்றுப்புகாத பெட்டியில் 1 பிபிஎம் எத்திலீனோடு 24 மணி நேரம் ஒரு தொகுதி. எத்திலீன் இல்லாத பெட்டியில் இன்னொரு தொகுதி. எத்திலீன் உருளை இல்லாவிட்டால் பழுத்த ஆப்பிள்கள் போதும், தோராயமான விடை கிடைக்கும். இந்த ஒருநாள் சோதனையைத் தவிர்த்துவிட்டு மாதக்கணக்கில் ஏசிசி நொதிகளை அளப்பதே இத்துறையில் மிகப் பெரிய வீணடிப்பு என்பது எங்கள் கருத்து.

இதழைக் கடைசியில் பிரித்து அழிப்பவை எந்த நொதிகள்?

ஒரு இதழ் செல்லை உற்றுப் பார்ப்போம். செல்லின் பெரும்பகுதியை நிறைத்திருப்பது வாக்குவோல் என்ற நீர்ப்பை. அதன் சவ்வுக்கும் செல்சுவருக்கும் இடையே சைட்டோபிளாசம் மெல்லிய தோலாக ஒட்டிக்கிடக்கிறது. மூப்பு தொடங்கியதும் அண்டைச் செல்லோடு இணைக்கும் நுண்வழிகள் மூடுகின்றன. சைட்டோபிளாசத்தின் துணுக்குகள் சிறு பைகளாகச் சுற்றப்பட்டு வாக்குவோலுக்குள் விழுகின்றன. இது தன்விழுங்கல், ஏடிஜி மரபணுக்களின் வேலை. ரைபோசோம்கள் அருகுகின்றன. உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் கடைசிவரை தாக்குப்பிடிக்கின்றன. பிறகு வாக்குவோலின் சவ்வு கிழிகிறது. உள்ளே அடைபட்டிருந்த நொதிகள் மிச்சமிருப்பதன்மீது பாய, செல் அத்தோடு முடிந்தது.

அந்தக் கூட்டத்தில் முதன்மையானவை சிஸ்டீன் புரோட்டியேஸ்கள் என்ற புரதம் வெட்டும் நொதிகள். கார்னேஷனில் டிசி-சிபி1, டேலிலியில் சென்10, பெட்டூனியாவில் பிஎச்-சிபி10, அராபிடாப்சிஸில் புகழ்பெற்ற எஸ்ஏஜி12. இவை பெரும்பாலும் செயலற்ற முன்வடிவமாக உருவாகி, அமிலச் சூழலில் முன்துண்டு வெட்டுண்டபின் விழிக்கின்றன. வாக்குவோல் செயலாக்க நொதி என்ற இன்னொரு புரோட்டியேஸ் பிறவற்றை வெட்டி விழிக்க வைக்கிறது. இதழ் இவற்றுக்குப் பூட்டும் வைத்திருக்கிறது: கார்னேஷனின் சிஸ்டாட்டின் (இந்தப் புரோட்டியேஸ்களைத் தடுக்கும் புரதம்) டிசி-சிபிஐஎன், விரிந்த பூவில் நிறைய இருந்து, இதழ் சுருளும்போது குறைந்துவிடுகிறது. புரோட்டியேஸ் கூடுவதை மட்டும் அளந்து, பூட்டு கழன்றதைப் பார்க்காமல் விட்டால் பாதிக் கதைதான் கையில் இருக்கும்.

நியூக்ளியேஸ்கள் டிஎன்ஏவையும் ஆர்என்ஏவையும் துண்டாக்குகின்றன. பெட்டூனியாவின் பிஎச்-என்யூசி1, எத்திலீனை உணராத செடியில் தாமதமாகவே தலைகாட்டுகிறது. பாஸ்போலிப்பேஸும் லிப்பாக்சிஜனேஸும் சவ்வின் கொழுப்பைக் குலைக்கின்றன. பீட்டா-கேலக்டோசிடேஸ் செல்சுவரைத் தளர்த்துகிறது. கார்னேஷனில் மூப்போடு தொடர்புடையதாக முதலில் பிரிக்கப்பட்ட மரபணுக்களில் இதற்குரியதும் ஒன்று.

தன்விழுங்கலைக் கொலையாளி என்று மட்டும் எண்ண வேண்டாம். ஏடிஜி பழுதான அராபிடாப்சிஸில் இலைகள் முன்கூட்டியே மூப்படைகின்றன. பழுதானதைத் துப்புரவு செய்து செல்லைத் தாங்குவதும் அதே வழிதான்.

சிவப்பு ரோஜா வயதானதும் நீலம் பாய்வது ஏன்?

புரதச் சிதைவில் அம்மோனியா வெளிப்பட்டு வாக்குவோலின் அமிலத்தன்மை குறைகிறது. இதழின் நிறமியான ஆந்தோசயனின் அதற்கேற்ப நிறம் மாறுகிறது. புரோட்டியேஸ் வேலை தொடங்கிவிட்டதற்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் இது.

வெள்ளி தையோசல்பேட் கரைசலை எப்படிக் கலப்பது?

இது பூவின் எத்திலீன் உணர்வைத் தடுக்கும் கரைசல். ஏற்பியிலுள்ள செம்பின் இடத்தில் வெள்ளி அமர்ந்துவிட்டால் எத்திலீன் ஒட்டினாலும் செய்தி போகாது. வெறும் வெள்ளி நைட்ரேட் காம்பில் ஏறாமல் அடியிலேயே சிக்கிக்கொள்ளும். தையோசல்பேட் அணைவாக்கினால் எளிதாக ஏறும்.

வெள்ளி நைட்ரேட் 1.70 கிராமை 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரிலும், சோடியம் தையோசல்பேட் ஐந்நீரேற்று 2.48 கிராமை வேறொரு 100 மி.லி. நீரிலும் கரையுங்கள். இரண்டும் 0.1 மோலார். தையோசல்பேட் 80 மி.லி. எடுத்து, கலக்கிக்கொண்டே அதற்குள் வெள்ளி 20 மி.லி.யைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நிறமற்ற தெளிவான கரைசலாக 20 மில்லிமோலார் வெள்ளி கிடைக்கும். வரிசை மாறி வெள்ளிக்குள் தையோசல்பேட்டை ஊற்றினால் வெண்மையாகத் திரிந்து, பழுப்பாகிக் கறுத்துவிடும். அது வெள்ளி சல்பைடு, கொட்ட வேண்டியதுதான். குழாய்நீர் வேண்டாம், குளோரைடு வெள்ளியைப் படியவைக்கும்.

கார்னேஷனுக்கு இதை 1 மில்லிமோலாராக நீர்த்து, அறை வெப்பத்தில் சுமார் 1 மணி நேரம் காம்பை நிறுத்தினால் போதும். அளவு கூடினால் இதழ் ஓரத்தில் கருகல் தெரியும். கரைசலை இருட்டில் வையுங்கள். மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றாமல் கன உலோகக் கழிவாகச் சேகரியுங்கள்.

அதற்குப் பதிலாக 1-எம்சிபி போதாதா?

பல இடங்களில் போதும். இது எத்திலீன் ஏற்பியை அடைக்கும் வளி, ஏற்பியோடு நெடுநேரம் ஒட்டிக்கொள்ளும், பில்லியனில் சில நூறு பங்கு என்ற அளவிலேயே வேலை செய்யும். குறை ஒன்று: இதழ் புதிய ஏற்பிகளைச் செய்துகொண்டே இருப்பதால் சில நாளில் எத்திலீன் உணர்வு திரும்பிவிடும். அமினோஆக்சி அசிட்டிக் அமிலமோ ஏவிஜியோ வேறு வகை. அவை பூவின் சொந்த எத்திலீனை மட்டும் நிறுத்தும். பழங்களோடு ஒரே அறையில் வைக்கப்படும் பூவுக்கு அவற்றால் பயனில்லை. வெளியிலிருந்து வரும் எத்திலீனைத் தடுக்க ஏற்பியைத்தான் அடைக்க வேண்டும்.

சர்க்கரையும் சைட்டோகைனினும் எங்கே குறுக்கிடுகின்றன?

சர்க்கரை உணவு மட்டுமல்ல. அது இஐஎன்3 வகைக் காரணிகளின் வழியை மட்டுப்படுத்தி எத்திலீன் உணர்வைக் குறைக்கிறது. லிட்டருக்கு 20 கிராம் சுக்ரோஸ், 200 மி.கி. ஹைட்ராக்சிகுவினோலின் சிட்ரேட் என்பது நெடுநாள் பழக்கமான கலவை. கிருமிநாசினி இல்லாமல் சர்க்கரை மட்டும் போட்டால் பாக்டீரியாவுக்கு விருந்து. காம்பு ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும்.

சைட்டோகைனின் என்ற ஹார்மோன் வழியில் அழகான சோதனை, எஸ்ஏஜி12 தூண்டுபகுதியோடு சைட்டோகைனினை உண்டாக்கும் ஐபிடி மரபணுவை இணைத்த பெட்டூனியா. மூப்பு தொடங்கும்போதே சைட்டோகைனின் சுரக்கும். அது மூப்பைத் தணிக்கும். 2003-இல் வெளியான அந்தச் சோதனையில் மகரந்தம் பட்ட பின்னும் பூ நீடித்தது.

இதழில் மரபணு வெளிப்பாட்டை அளக்கும்போது எங்கே பிசகுகிறது?

முதலாவது ஆர்என்ஏ பிரிப்பு. இதழில் பினாலும் சர்க்கரைக் கோழையும் அதிகம். 100 மி.கி. திசுவுக்குச் சிடிஏபி என்ற சவர்க்கார வகைக் கரைசலில் 2% பிவிபியும் 2% மெர்காப்டோஎத்தனாலும் சேர்த்துப் பிரித்து, லித்தியம் குளோரைடில் (இறுதிச் செறிவு 2 மோலாருக்கு மேல்) 4 டிகிரியில் இரவு முழுதும் படியவையுங்கள். 260/230 விகிதம் (260, 230 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலின் விகிதம்) 1.8-க்குக் கீழே நின்றால் மாசு மிச்சமிருக்கிறது. அந்த மாதிரியோடு மேலே போகாதீர்கள்.

இரண்டாவது ஒப்பீட்டு மரபணு, அதாவது அளவு மாறாதது என்று கருதி மற்றவற்றை ஒப்பிடும் மரபணு. ஆக்டின் நிலையானது என்று பழக்கத்தில் எடுத்துக்கொள்கிறோம்; மூப்படையும் இதழில் அதுவே சரியலாம். ஆக்டின் பாதியானால் நீங்கள் அளக்கும் மரபணு சும்மா இருந்தும் இரண்டு மடங்கானதாகத் தெரியும். மூன்று மரபணுக்களையாவது உங்கள் பூவிலேயே சோதித்து நிலையானவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது மாதிரி எடுப்பு. நாள் கணக்கை விட்டுவிட்டு, இதழின் தோற்றக் கட்டத்தை வைத்து எடுங்கள். எல்லா நாளும் ஒரே மணிக்கு எடுங்கள், பல மரபணுக்கள் பகலிரவுக்கு ஏற்ப ஏறி இறங்கும். வாடும் இதழ் நீரிழப்பதால் நொதிச் செயல்பாட்டை ஈர எடைக்குக் கணக்கிட்டால் செயற்கையாகக் கூடிவிடும். ஒரு இதழுக்கு இவ்வளவு என்றும் குறித்து வையுங்கள். எத்திலீன் அளக்கப் பூவைப் புட்டியில் 1 மணி நேரத்துக்கு மேல் அடைக்க வேண்டாம். சேர்ந்த எத்திலீன் பூவையே தூண்டிவிடும்.

வெளிப்பாடு கூடியிருக்கிறது. அந்த மரபணுவே காரணம் என்று சொல்லலாமா?

கூடாது. மூப்பில் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் கூடும். பல வெறும் பின்விளைவு. அடக்கிப் பார்த்தால்தான் தெரியும். பெட்டூனியாவில் இதற்கு நல்ல வழி உண்டு. புகையிலை ராட்டில் வைரஸ் கடத்தியில், சோதிக்கும் மரபணுத் துண்டோடு, நிறமி உண்டாக்கும் சால்கோன் சிந்தேஸ் நொதியின் மரபணுத் துண்டையும் சேர்த்துக் கட்டி, ஊதா நிறப் பெட்டூனியாவுக்குச் செலுத்துங்கள். அடக்கம் நடந்த இடத்தில் நிறமி உண்டாகாது. ஊதாப் பூவில் அது வெள்ளைத் திட்டாகவோ, முழு வெள்ளைப் பூவாகவோ தெரியும். எந்தத் திசுவை எடுக்க வேண்டும் என்று பூவே காட்டிவிடுகிறது. ஏசிசி ஆக்சிடேஸை இப்படி அடக்கிய வெள்ளைப் பூக்கள் குறைவாக எத்திலீன் விட்டு நீடித்தன. சால்கோன் சிந்தேஸ் மட்டும் கொண்ட கடத்தியையும் கட்டாயம் ஒப்பீட்டுக்கு வையுங்கள், வைரஸ் தொற்றே பூவின் ஆயுளை மாற்றக்கூடும்.

மரபணு மாற்றம் இல்லாமல் நீடிக்கும் பூவை உருவாக்க முடியுமா?

முடியும், செய்தும் காட்டியிருக்கிறார்கள். ஜப்பானில் 1992-இல் தொடங்கி, நீண்டநாள் நின்ற கார்னேஷன்களை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிக் கலப்புசெய்து, மிராக்கிள் ரூஜ், மிராக்கிள் சிம்ஃபனி என்ற இரகங்களைப் பெற்றார்கள். சாதாரண இரகத்தைப் போல் சுமார் 3 மடங்கு நாள் நிற்கின்றன. மூப்பில் மிகக் குறைவான எத்திலீனையே விடுகின்றன. இதே வழியில் போக விரும்பினால் தேர்வை ஒரே வெப்பநிலையில் (பெரும்பாலும் 23 டிகிரி), 12 மணி நேர ஒளியில், காய்ச்சி வடித்த நீரில் வைத்து நடத்துங்கள். ஊட்டக் கரைசலில் வைத்துத் தேர்ந்தால், கரைசலின் நன்மையையும் மரபின் நன்மையையும் பிரிக்க முடியாது. ஒரு செடிக்கு 5 பூவுக்குக் குறையாமல், சுருளல் தொடங்கும் நாளையே ஆயுள் முடிவாகக் குறியுங்கள். எத்திலீனைக் குறைவாக உண்டாக்கும் செடியும் எத்திலீனை உணராத செடியும் இந்தத் தேர்வில் ஒன்றுபோலவே தெரியும். மிஞ்சியவற்றின் பூக்களுக்கு 10 பிபிஎம் எத்திலீன் கொடுத்துப் பாருங்கள்; வாடினால் முதல் வகை, நின்றால் இரண்டாவது.